வலிக்காத இடத்தில் ஊசி: சர்க்கரை ஏறி இறங்கிய காரணம்

இரண்டு வாரமாக வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரு நாள் 240, மறுநாள் 95. சாப்பாடும் அதே, இன்சுலின் அளவும் அதே.

முதலில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் மேல் சந்தேகப்பட்டுப் புது டப்பா வாங்கினேன். மாற்றமில்லை. அப்புறம் இன்சுலின் கெட்டுவிட்டதோ என்று ஃப்ரிட்ஜிலிருந்து புது இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசி) எடுத்தேன். அதுவும் அப்படியே. இரவில் ஒரு இட்லியைக் குறைத்தும் பயனில்லை.

குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றைத் தேய்க்கையில்தான் பிடிபட்டது. தொப்புளுக்கு வலப்பக்கம், எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று ஒரு தடிப்பு. கண்ணாடியில் பார்த்தால் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடமாக ஊசி போடும் இடம் அதுதான். அங்கே குத்தினால் வலிக்காது, அதனாலேயே கை தானாக அங்கே போயிருக்கிறது. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிட்டால், இன்சுலின் ஒரு நாள் சரியாக ரத்தத்தில் சேரும், ஒரு நாள் சேராது.

இடத்தை மாற்றும் முன் டாக்டரைக் கேட்டது நல்லதாயிற்று. நல்ல தோலில் அதே அளவு போட்டால் சர்க்கரை சட்டென இறங்கிவிடும் என்று 22 யூனிட்டை 18 ஆக்கினார். அப்படியும் இரண்டாம் நாள் விடியற்காலை 68. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தேன்.

இப்போது வயிற்றை நான்கு பங்காகப் பிரித்து, தடித்த பங்கை விட்டுவிட்டு, வாரம் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளி, புது ஊசிமுனையில். பத்து நாளாக 110க்கும் 135க்கும் இடையில் நிற்கிறது, பெரிய நிம்மதி. தடிப்பு கரைய மாதக்கணக்கில் ஆகுமாம்.