மரம் ஏறுபவர் மின்பாதைப் பணிக்கு மாறுவது எப்படி?

தென்னையும் பனையும் ஏறிப் பழகியவர் மின்கம்பப் பணிக்கு எளிதில் மாறிவிடலாம் என்ற எண்ணம் ஊர்ப்புறங்களில் பரவலாக இருக்கிறது. ஐம்பது அறுபது அடி மரத்தில் நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு முப்பது அடிக் கம்பம் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். ஏறுவதை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மின்பாதைப் பணியில் ஏறுவது வேலையின் சிறு பகுதியே. இப்போது ஏறலாமா, யார் சொன்ன பிறகு ஏறலாம், எந்தக் கம்பியை எதற்குப் பின் தொடலாம் என்பவையே மிச்சமுள்ள பெரும்பகுதி. ஆகவே தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு மாற விரும்புபவர் ஒரு கல்விச் சான்றிதழைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மரத்தில் கைவந்த சில வழக்கங்களை விட்டுவிடவும் வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினமானது.

சான்றிதழுக்கான வழி

2019இல் மின்வாரியம் கேங்மேன் எனப்படும் மின்பாதைக் களப் பணிக்கு ஆள் எடுத்தபோது ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானதாக இருந்தது. கம்பம் ஏறுவதும், கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்ம் பொருத்துவதும் உடல்தகுதித் தேர்வில் இடம்பெற்றன. மரம் ஏறுபவர்களுக்கு நேராகத் திறந்த வாசல் அது. அதே வாசல் மறுபடியும் திறக்கும் என்று நம்பிக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்வாரியத்தின் கீழ் உள்ள மின்பகிர்மானக் கழகத்தின் கள உதவியாளர் பணிக்கு 2025இல் அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிட்ட அறிவிப்பு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) படிப்பைத் தகுதியாகக் கேட்டது. எழுத்துத் தேர்வும் உண்டு. இனி வரும் வாய்ப்புகளும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும் என்று கொண்டு திட்டமிடுவது நல்லது.

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரப் பத்தாம் வகுப்பும், வயர்மேன் பிரிவில் சேர எட்டாம் வகுப்பும் தேவை. இரண்டுமே ஈராண்டுப் படிப்புகள். எட்டாம் வகுப்பை முடிக்காமல் மரம் ஏறப் போனவர்கள், அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் தேர்வை எழுதி அந்தத் தகுதியைப் பெறலாம். அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. ஆண்கள் 40 வயது வரை சேரலாம்; பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், இரண்டு ஆண்டு வருமானத்தை எப்படிச் சமாளிப்பது என்பதைச் சேர்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் தென்னை ஏறுபவரின் நிலையும் பனையேறியின் நிலையும் வேறுபடுகின்றன. தென்னந்தோப்பில் ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான் காய் வெட்டு வரும். வழக்கமாக ஏறும் தோப்புக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, வெட்டுகளைச் சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். பதநீர் இறக்குபவருக்கு அந்த வசதி இல்லை. பருவம் தொடங்கிவிட்டால் காலையும் மாலையும் பாளையைச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை கெடும். அவர் படிப்புக் காலத்தில் பனையை வேறொருவரிடம் ஒப்படைப்பதோ, ஓலை வெட்டு, காய் இறக்குதல் போன்ற நாள் குறிக்காத வேலைகளுக்கு மாறுவதோதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஐடிஐக்குப் போகவே முடியாதவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் அதை எழுதலாம். ஆனால் அது கட்டட வயரிங் வேலைக்கு உதவும் சான்றிதழ். மின்பாதைப் பணிக்கு ஐடிஐக்கு ஈடாக அதைக் காட்ட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம்.

மரமும் கம்பமும்

மரம் ஏறுபவர் கொண்டுவரும் முதல் சொத்து உயரத்தில் பதறாத மனம். இதைப் பயிற்சியாளர்கள் புதியவருக்குக் கற்பிக்கவே படாத பாடு படுகிறார்கள். காலில் தளை மாட்டி ஏறிப் பழகியவருக்குக் கயிற்றின் உதவியோடு சிமெண்ட் கம்பம் ஏறும் முறை சில நாள்களிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் மேலே போன பிறகு செய்யும் வேலை வேறு. மரத்தில் நெஞ்சை மரத்தோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். தென்னையில் மட்டைகளுக்கிடையே உட்கார்ந்துகூட விடலாம். கம்பத்திலோ, பெல்ட் ரோப் என்று அழைக்கப்படும் இடுப்புக் கயிற்றில் உடலின் எடையைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விடுவித்து, நெடுநேரம் ஒரே இடத்தில் நின்று ஸ்பேனர் போட வேண்டும். கயிற்றை நம்பிப் பின்னால் சாய்வது மரம் ஏறியவர்களுக்குத்தான் கூடுதல் தயக்கம் தரும், ஏனெனில் கம்பத்தை அணைத்துப் பிடிக்கவே அவர்கள் கை போகும். ஆளுயரத்துக்குக் கீழேயே கயிற்றைக் கட்டிச் சாய்ந்து பழகுங்கள்.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. மரம் தன் வேரில் நிற்கிறது. கம்பத்தை அதன் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே மண்ணில் புதைக்கிறார்கள். மீதியை இரு பக்கமும் இழுக்கும் கம்பிகளும், கம்பத்தை நிலத்தோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியும் சேர்ந்துதான் சமநிலையில் வைத்திருக்கின்றன. மூலைக் கம்பத்திலோ கடைசிக் கம்பத்திலோ ஒரு பக்கக் கம்பியை அவிழ்த்துவிட்டால் இழுவை மாறி, கம்பம் ஆளோடு சாய்ந்துவிடக்கூடும். எனவே ஏறுவதற்கு முன் அடிப்பகுதியில் வெடிப்பும் வெளியே தெரியும் துருப்பிடித்த கம்பியும் இருக்கிறதா, ஸ்டே இறுக்கமாக இருக்கிறதா, இன்றைய வேலையில் எந்தப் பக்க இழுவை குறையப் போகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும். மரத்தைத் தட்டிப் பார்த்து உறுதியை அறியும் பழக்கம் இங்கே போதாது.

லைன் கிளியர்

இனி சொல்லப்போவதுதான் இந்தத் தொழில் மாற்றத்தின் மையம். மரத்தில் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்கும் காலுக்கும் முன்கூட்டியே தெரியும்: மட்டை காய்ந்திருக்கும், பட்டை வழுக்கும், குளவி பறக்கும். மின்கம்பியில் மின்சாரம் இருக்கும்போதும் இல்லாதபோதும் அது ஒரே மாதிரிதான் தெரியும். எனவே அனுபவத்தால் ஊகிப்பது என்ற பழக்கத்தை முற்றாக விட வேண்டும். அதன் இடத்தில் ஒரு நடைமுறை வருகிறது.

உயரழுத்தப் பாதையில் வேலை என்றால், பொறுப்பாளர் துணைமின் நிலையத்தில் லைன் கிளியர், அதாவது பாதையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி, பெறுவார். பாதை நிறுத்தப்பட்டு, கம்பத்தில் பாதையைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் திறக்கப்பட்டு, மீண்டும் யாரும் மூடாதபடி பூட்டப்படும். அதன் பிறகும் கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும். அடுத்து, வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும், கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். முதலில் அதன் நில முனையைப் பொருத்திவிட்டு, பிறகே கம்பியில் மாட்ட வேண்டும். கழற்றும்போது கம்பியிலிருந்து முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் அந்த எர்த் ராடே உயிரை வாங்கும். வேலை முடிந்ததும் எல்லோரும் இறங்கியதை எண்ணி, எர்த் ராடுகளை எடுத்த பின், லைன் கிளியரைப் பெற்றவரே அதைத் திருப்பித் தர வேண்டும். ‘பதினோரு மணிக்குத்தான் கரண்ட் விடுவார்கள், அதற்குள் முடித்துவிடலாம்’ என்ற பேச்சுக்கு இந்த நடைமுறையில் இடமே இல்லை.

பாதையை நிறுத்திய பிறகும் எர்த் ராடு எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஏதோ ஒரு வீட்டின் ஜெனரேட்டரோ தவறாக இணைத்த இன்வெர்ட்டரோ மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம். அது மின்மாற்றியின் வழியே பின்னோக்கிப் போய் உயரழுத்தமாக மாறும். பக்கத்தில் இணையாக ஓடும் பாதையிலிருந்து தூண்டல் மின்னழுத்தம் வரலாம். ஒரே கம்பத்தில் மேலே உயரழுத்தமும் கீழே வேறொரு மின்மாற்றியின் தாழ்வழுத்தமும் ஓடும் இடங்களில், மேலே நிறுத்திவிட்டுக் கீழே உள்ளதை மறப்பதும் நடக்கிறது.

மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு வீண் நேரமாகத் தோன்றும். வேகத்துக்குக் கிடைத்த மதிப்பு இங்கே கிடைக்காது என்பதை மனத்தால் ஏற்க முடியாதவர், உண்மையைச் சொன்னால், மரத்திலேயே இருப்பது நல்லது.

இப்போதே தொடங்கக்கூடியவை

மின்பாதை ஓரத்தில் மரம் ஏறும் இன்றைய வேலையிலேயே இந்த ஒழுங்கைப் பழகத் தொடங்கலாம். பச்சை மட்டையும் ஈர ஓலையும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத் துறட்டி கம்பியைத் தொட்டால் தப்புவது அரிது. கம்பிக்கு அருகே உள்ள மரத்தை வெட்ட வேண்டும் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ, மின்னகம் என்ற அதன் புகார் மையத்தின் 94987 94987 என்ற எண்ணிலோ சொல்லி, பாதையை நிறுத்திய பின்னரே ஏறுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாள்களில் கிளை வெட்டும் பணி நடக்கும்போது, லைன் கிளியர் எப்படிப் பெறப்படுகிறது, எர்த் ராடு எங்கே மாட்டப்படுகிறது என்பவற்றைத் தள்ளி நின்று கவனித்தால் பாடத்தில் படிப்பது எளிதில் புரியும்.

படிப்பு முடிந்ததும் அரசு அறிவிப்புக்காக மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. பனைத் தொழில் செழித்த தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களிலேயே முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகளும் கமுதி சூரிய மின்நிலையமும் இருக்கின்றன. உயரத்தில் வேலை செய்யத் தயங்காத ஐடிஐ எலக்ட்ரீஷியனுக்கு அங்கே பராமரிப்புப் பணி தேடுவது பொருத்தமானது. புதிய பாதை அமைக்கும் ஒப்பந்ததாரர்களிடமும் வேலை உண்டு. அவர்களிடம் சேர்வதற்கு முன் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), வருங்கால வைப்பு நிதி எண்கள் உங்கள் பெயரில் தரப்படுமா என்று கேளுங்கள். பெல்ட் ரோப், கையுறை, தலைக்கவசம் அவர்கள் தருவதா, லைன் கிளியரை யார் பெறுவார், அவர் வேலை நடக்கும் இடத்திலேயே இருப்பாரா என்பவற்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘போனில் சொல்லிவிடுவார்’ என்று பதில் வந்தால் வேறு ஒப்பந்ததாரரைத் தேடுங்கள்.