டைப்போஸ்கிரிப்டில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்க காலத்தில் நான் செய்த அதே தவறுகளைப் புதிய நிரலாளர்களும் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். டைப்போ3 உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்கு டைப்போஸ்கிரிப்ட் என்ற சொந்த மொழி உண்டு. எழுத்துப்பிழை, விடுபட்ட அடைப்புக்குறி போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

அமைவு மொழியை நிரல்மொழியாகக் கருதுவது

பார்வைக்கு நிரல் போல இருந்தாலும், டைப்போஸ்கிரிப்ட் இறுதியில் ஒரு பிஎச்பி அர்ரேயாக (மதிப்புகளின் பட்டியலாக) மாறும் அமைவுகளின் தொகுப்புதான். உரையை வெட்டவும் சுற்றவும் உதவும் எஸ்டிடிராப் (stdWrap) பண்புகளை எந்த வரிசையில் எழுதினாலும் அவை முன்பே நிர்ணயித்த வரிசையில்தான் இயங்கும். 'ராப்' (wrap, குறிகளால் சுற்றுவது) மேலேயும் 'கிராப்' (crop, வெட்டுவது) கீழேயும் இருந்தாலும், உரை முதலில் வெட்டப்பட்டு அதன் பிறகே சுற்றப்படும்.

தரவுத்தளத்துக்குள் தர்க்கத்தைப் பூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு கல்வி நிறுவனத்தின் தளத்தை நாங்கள் பொறுப்பேற்றபோது, எந்தப் பக்கத்தில் எந்த அறிவிப்பு தோன்ற வேண்டும் என்ற விதிகள் அனைத்தும் டைப்போஸ்கிரிப்ட் நிபந்தனைகளாக, தரவுத்தளத்தின் டெம்ப்ளேட் பதிவுகளில் சிதறிக் கிடந்தன. அவை கோப்புகளில் இல்லாததால் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) வரலாற்றில் தடயமே இல்லை; யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று கேட்க வழியில்லை; எடிட்டரில் தேடினாலும் சிக்கவில்லை.

டைப்போ3 பதிப்பு 9 நிபந்தனைகளை எழுத, சிம்ஃபொனி என்ற பிஎச்பி கட்டமைப்பின் எக்ஸ்பிரஷன் மொழியைக் கொண்டுவந்தது. பதிப்பு 10 பழைய இலக்கணத்தை முற்றாக நீக்கியது. மேம்படுத்திய பிறகு அந்தப் பழைய நிபந்தனைகள் பொய் என்றே மதிப்பிடப்பட்டதால், பார்வையாளருக்குப் பிழைச்செய்தி எதுவும் காட்டாமலேயே கட்டண அறிவிப்பு மறைந்துபோனது. பிஎச்பியில் எழுதியிருந்தால் எக்ஸ்டீபக் என்ற பிழைதேடும் கருவி கொண்டு வரிவரியாக நடந்து பார்த்திருக்கலாம், யூனிட் சோதனையும் வைத்திருக்கலாம். இங்கோ ஒவ்வொரு பதிவையும் திறந்து கண்ணால் படிக்க வேண்டியிருந்தது. அதைவிட வருத்தமானது, அந்த மொழியை அறிந்தவர் வேலையை விட்டுச் சென்றபின் நிறுவனத்தில் அதைப் படிக்கக்கூட ஆளில்லை என்பது.

ஆகவே டைப்போஸ்கிரிப்டைக் கோப்புகளில் வைத்து, சைட் பேக்கேஜ் நீட்சி (தளத்தின் அமைவுகளையும் வார்ப்புருக்களையும் ஒன்றாக வைக்கும் தொகுப்பு) வழியாக ஏற்றுங்கள். பதிவில் மிஞ்சுவது அந்தக் கோப்பை அழைக்கும் ஒரு வரியாக மட்டும் இருக்கட்டும். 'எப்போது, யாருக்கு' என்ற கேள்வி எழுந்தவுடனே பிஎச்பி வகுப்புக்கும், காட்சிக்கு டைப்போ3-இன் ஃப்ளூயிட் வார்ப்புருவுக்கும் சென்றுவிடுங்கள்.

மாறும் ஒரு பகுதிக்காகத் தளம் முழுவதும் கேஷை (தயாரித்த பக்கங்களைச் சேமித்து வைப்பதை) அணைப்பது

வேண்டாம். அந்தப் பகுதியை மட்டும் சிஓஏ_ஐஎன்டி (COA_INT, கேஷ் செய்யப்படாத பொருள்) ஆக்குங்கள்.

நகலையும் சுட்டியையும் குழப்புவது

நகலெடுத்த பொருளுக்கு, மூலத்தில் பின்னால் செய்யும் மாற்றம் வந்து சேராது; மூலத்தையே குறிக்கும் சுட்டிக்கு வந்து சேரும்.