எத்தனை பிள்ளைகள் என்று கணவனும் மனைவியும் முடிவெடுப்பது எப்படி?

‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சிவப்பு முக்கோணத்தோடு சுவர்தோறும் எழுதிவைத்த காலம் போய், மக்கள்தொகையைக் கொண்டு நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் மறுவரையறைப் பேச்சு எழுந்த 2025இல், தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தமிழக முதலமைச்சரே திருமண மேடையில் சொல்லும் காலம் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. அரசின் தேவை மாறிக்கொண்டே இருக்கும். எத்தனையோடு நிறுத்துவது என்பதை வீட்டுக் கணக்கைக் கொண்டு தீர்மானிப்பதே முறை.

அந்தக் கணக்கைத் தாயின் உடலிலிருந்து தொடங்குங்கள். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால், ஒவ்வொரு மறு அறுவையிலும் பழைய தழும்பின் மேல் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுவதால், எண்ணிக்கையைப் பேசுமுன் மகப்பேறு மருத்துவரிடம் பழைய டிஸ்சார்ஜ் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். இரத்தசோகை இருந்தால் முதலில் அது தீரட்டும்.

அடுத்து, ஒரு தாளில் வயதுகளை எழுதுங்கள். தந்தைக்கு 41 வயதாகும்போது மூன்றாவது பிள்ளை பிறந்தால், அவர் 60இல் ஓய்வு பெறும் ஆண்டில் அப்பிள்ளைக்கு 19 வயது. கல்லூரிக் கட்டணம் பாதிதான் கட்டியிருப்பார்கள். மனைவி வேலைக்குச் செல்பவரானால், மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தின்படி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாக இருக்கும் சம்பளத்துடனான மகப்பேறு விடுப்பு, உயிருடன் இரண்டு பிள்ளைகள் இருக்கும் தாய்க்கு 12 வாரமாகக் குறைந்துவிடும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதன்பின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு ‘அம்மா பார்த்துக்கொள்வார்’ என்று எழுதுமுன், அந்த அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அவரிடமே ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

‘ஒற்றைப் பிள்ளை தனித்துப் போய்விடும்’, ‘ஆண் வாரிசு வேண்டாமா’ என்று சுற்றத்தார் சொல்வார்கள். முதலாவதையாவது இருவரும் யோசிக்கலாம். இரண்டாவதற்குக் காது கொடுக்கவே வேண்டியதில்லை. ஒருவர் போதும் என்றும் மற்றவர் இன்னொன்று வேண்டும் என்றும் சொன்னால், சுமந்து பெறுபவரின் மறுப்பே இறுதியானது.

முடிவை ஒரே நாளில் எடுக்க வேண்டியதும் இல்லை. பிரசவித்த 48 மணி நேரத்துக்குள்ளேயே கருப்பைக்குள் பொருத்தக்கூடிய காப்பர்-டி 380ஏ என்ற கருத்தடைச் சாதனம் பத்து ஆண்டுகள் வரை காக்கும், வேண்டும்போது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நிரந்தரக் கருத்தடை அறுவைக்கான ஒப்புதலைப் பிரசவ வலியின் நடுவே கையெழுத்திடும்படி விடாமல், கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே நிதானமாகப் பேசி முடித்துவிடுங்கள்.

அந்த அறுவையை யார் செய்துகொள்வது என்பதில் நம் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டிருக்க, ஆண்கள் மிக அரிது. ஆணுக்கானதோ வயிற்றைத் திறக்காமல், தையலின்றிச் சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பக்கூடியது. ஆண்மையைப் பாதிப்பதும் இல்லை. ஆனால் உடனே பலன் தராது: மூன்று மாதம் ஆணுறை போன்ற வேறு முறையைத் தொடர்ந்து, விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியான பிறகே அதை நிறுத்த வேண்டும்.