மலேசியாவா தாய்லாந்தா, யாரு அதிகமா ஹார்ட்வூட் பலகை இறக்குமதி பண்றா? கணக்கு பாக்குற வழி

கெடா பாடாங் செராய்ல காப்பிக்கடையில உக்காந்தா போதும், பால்மரக் (ரப்பர் மரக்) கட்டை ஏத்துன லோரி ஒண்ணு போகும், உடனே ஒருத்தர் "நம்ம மரமெல்லாம் சியாமுக்குத்தான் (தாய்லாந்துக்குத்தான்) போகுது"ம்பாரு, இன்னொருத்தர் "இல்லண்ணே, அங்கேருந்துதான் இங்க வருது"ம்பாரு. லெப்டாப்ப தொறந்தா நீங்களே பாத்துக்கலாம், டேட்டா ஃப்ரீதான்.

முதல்ல ஹார்ட்வூட்னா என்னன்னு தெளிவா இருக்கணும். நம்ம ஊர்ல காயு கெராஸ்னா (மலாய்ல கெட்டி மரம்) செங்கால், பாலாவ் மாதிரி ஆணி இறங்காத மரம். வியாபாரக் கணக்குல அப்படி இல்ல, பைன் வகை தவிர எல்லாமே ஹார்ட்வூட்தான், நம்ம பால்மரமும் அதுலதான் வரும்.

யூஎன் கோம்ட்ரேட் போங்க, அது ஐ.நா.வோட ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு வெப்சைட். ரெண்டு நாட்டுக்கும் அதே இடத்துல எடுங்க, இறக்குமதி, பார்ட்னர் உலகம் மொத்தமும். சுங்கத்துல ஒவ்வொரு சரக்குக்கும் உலகப் பொதுவா ஒரு கோடு (எச்.எஸ். கோடு) இருக்கும், நமக்கு வேண்டியது 4407, அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல தடிப்பான பலகை (4403 உருட்டுக்கட்டை, அத சேக்காதீங்க). 44071ன்னு ஆரம்பிக்கிறது பைன் வகை, தூக்கிடுங்க. 44072, 44079 ரெண்டையும் கூட்டுங்க. செம்மெராந்தி 440725, ஓக் 440791. தேக்குக்கு இந்தக் கோடு பட்டியலோட 2022 பதிப்புலதான் 440723ன்னு தனி இடம் கெடச்சுச்சு, அதுக்கு முன்ன 440729க்குள்ள கெடந்துச்சு, அதனால திடீர்னு தேக்கு வந்து குவிஞ்ச மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க.

தாய்லாந்து அரசாங்க டேபிள்ல வருஷம் புத்த ஆண்டா இருக்கும், 543 கழிக்கணும், 2567னா 2024. நான் மொதல்ல அது ஏதோ மரத்தோட கோடுன்னு நெனச்சேன்.

எல்லாரும் வழுக்கி விழுறது அளவுலதான். சாமில்ல (மரம் அறுக்குற மில்லுல) 'டன்'ன்னு சொல்றது எடை இல்ல, 50 கன அடி, அதாவது 1.416 கன மீட்டர், 100 டன் பலகைன்னா 141.6 கன மீட்டர். கிலோவ வெச்சு ஒப்பிட்டீங்கன்னா ஈரப்பலகை ஜெயிச்சிடும், காஞ்ச பலகை தோத்துடும். பணத்த மட்டும் பாத்தாலும் தப்பு, ஏன்னா ஒருத்தன் கொஞ்சமா ஓக் வாங்கிருப்பான், இன்னொருத்தன் நெறையா மலிவுப் பலகை வாங்கிருப்பான், தொகை ஒண்ணா இருக்கும். அதனால கன மீட்டர் ஒரு வரிசை, டாலர் ஒரு வரிசை, டாலர கன மீட்டரால வகுத்தது மூணாவது வரிசை. என்னைக் கேட்டா மூணாவதுதான் உண்மையச் சொல்லும். வெள்ளி (ரிங்கிட்), பாட் (தாய்லாந்து காசு) எல்லாம் வேணாம், டாலர்லயே விடுங்க.

தாய்லாந்துல 1988 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 1989 ஜனவரில இயற்கைக் காட்டுல மரம் வெட்ட தடை போட்டாங்க, அதனால காட்டு மரம் வேணும்னா வெளியதான் வாங்கணும், ஆனா பால்மரம் அவங்ககிட்டயே கொட்டிக் கெடக்கு. ரெண்டையும் ஒண்ணா கலந்தா கதையே மாறிடும். பால்மரப் பலகைய பிரிக்க ஆறு இலக்கம் பத்தாது, எட்டு இலக்க ஆசியான் கோடு வரைக்கும் எறங்கணும்.

சரவாக்லேருந்து கப்பல்ல வந்தாலும் அது இறக்குமதி இல்ல, ஒரே நாடு.

கடைசியா ஒரு செக். மலேசியா தாய்லாந்துக்கு அனுப்புனதா சொல்றதையும், தாய்லாந்து மலேசியாகிட்ட வாங்குனதா சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. வாங்குனவன் கணக்குல கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேந்திருக்கும், பணம் கொஞ்சம் கூட வர்றது சகஜம். கன மீட்டரே பெருசா ஒதைச்சா அந்த வருஷத்த நம்பாதீங்க, முன்னயும் பின்னயும் ரெண்டு வருஷம் சேத்துப் பாருங்க.