கோடைக்கால ஆவணக் காப்பக ஃபெல்லோஷிப்: குமரி மாணவர்கள் விண்ணப்பம் தயாரிப்பது எப்படி?

நூலகங்களில் கிடக்கும் பழைய கடிதக் கட்டுகள், ஓலைகள், அரசுக் கோப்புகளைப் பட்டியலிடவும் ஆராயவும் கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்வதுண்டு. அப்படி ஒரு ஃபெல்லோஷிப்பில் நான் வேலை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி தங்கைகள் விவரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பயோடேட்டா எழுதுவது பற்றி எங்கும் படிக்கலாம், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: தகுதி வரியைப் படியுங்கள்

தொகையைப் பார்க்கும் முன் யார் விண்ணப்பிக்கலாம் என்று பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் அறிவிப்பவற்றில் பல, அங்கே படிப்பவர்களுக்கு மட்டும்தான். அப்புறம் தேதி. நம் செமஸ்டர் தேர்வோடு மோதுகிறதா என்று துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள். தங்குமிடம் தருகிறார்களா என்பதும் முக்கியம். திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ. தான், ரயிலில் தினமும் போய் வரலாம். சென்னை என்றால் உதவித்தொகை வாடகைக்கே போய்விடும்.

படி 2: தொகுப்பைத் தேடுங்கள்

பெரும்பாலானோர் திணறுவது இங்கேதான். காப்பகத்தின் இணையப் பட்டியலில் ‘கன்னியாகுமரி’ என்று போடுவார்கள், ஒன்றும் வராது. நம் ஊரைப் பற்றி எதுவும் இல்லை என்று முடிவுகட்டி, பொதுவாக எதையோ எழுதி அனுப்பிவிடுவார்கள்.

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டமே கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தாலுகாக்களாக இருந்தவை. அதனால் ‘திருவிதாங்கூர்’ என்பதற்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயரை, டிராவன்கோர் என்பதை, ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடுங்கள். அடுத்து தாலுகா பெயர், கடைசியாக ஊர்ப் பெயர். மயிலாடி, நெய்யூர், நாகர்கோவில் என்று எதை எடுத்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். முதல் மூன்று நான்கு எழுத்தைப் போட்டு நட்சத்திரக் குறி சேர்த்தால் பல பட்டியல்களில் எல்லா வடிவமும் சேர்ந்து வரும்.

ஒரு விஷயம் எத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கும் என்பதற்குத் தோள்சீலைப் போராட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்தது அது. 1859இல் திருவிதாங்கூர் அரசு தடையைத் தளர்த்தி அறிவிப்பு வெளியிட்டது. அரசு தரப்புத் தாள்களைத் தேட வேண்டிய இடம் திருவனந்தபுரத்திலுள்ள கேரள அரசு ஆவணக் காப்பகம். சென்னை மாகாண அரசும் இதில் தலையிட்டதால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். இங்கே ஊழியம் செய்த லண்டன் மிஷன் பாதிரியார்களின் கடிதங்களோ லண்டனில், சோயாஸ் (SOAS) என்ற பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகத்தில். நம் கொள்ளுப்பாட்டிமார் பட்ட பாட்டின் எழுத்துச் சாட்சி இப்படி மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கிறது. அதைப் படிக்க நம் பிள்ளைகளே போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

படி 3: முன்மொழிவு

‘எனக்கு வரலாற்றில் மிகுந்த ஆர்வம் உண்டு’ என்று தொடங்காதீர்கள். தேர்வுக்குழு அதையே நாள் முழுக்கப் படித்திருக்கும். இப்படித் தொடங்கலாம்:

“உங்கள் பட்டியலில் டிராவன்கோர் தலைப்பிலுள்ள கடிதங்களில் 1858–59ஆம் ஆண்டுகளுக்குரியவற்றைப் படிக்க விரும்புகிறேன். அவற்றில் வரும் ஊர்ப் பெயர்களை இன்றைய பெயர்களோடு பொருத்தி ஒரு அட்டவணை தயாரித்துத் தருவேன். நான் கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தவள். தமிழும் மலையாளமும் வாசிப்பேன்.”

எந்தக் கட்டு, என்ன வேலை, ஏன் உங்களால் முடியும் என மூன்றும் வந்துவிட்டன. பெட்டி எண் கிடைத்தால் அதையும் எழுதுங்கள். எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரிவது பெரிய பலம், அதை பயோடேட்டாவின் கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள்.

படி 4: மாதிரி வேலை

வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் இருக்கும். தாத்தாவிடம் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தைப் பட்டியலிட்டு இணையுங்கள். தேதி கொல்லம் ஆண்டில் (ஆவணியில் பிறக்கும் மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால், ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. ‘1072 மகரம் 14’ என்றால் மகரம் நம் தை, ஆகவே 1897 ஜனவரி. மார்கழி மட்டும் இரண்டு ஆண்டுகளிலும் கால் வைக்கும், நாளைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

படமெடுக்க ஸ்கேனர் செயலிகள் வேண்டவே வேண்டாம். தாளை வெளுப்பாக்கி, மங்கிய மையையும் முத்திரையையும் அழித்துவிடும், ஓரத்தையும் வெட்டிவிடும். போனின் சாதாரண கேமராவே போதும். ஃபிளாஷ் கூடாது, ஜன்னல் வெளிச்சம் நல்லது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் வெளிச்சமும் போகும், தாளும் ஈரம் இழுக்கும், அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். படங்களை அடுக்க ட்ரோபி என்ற இலவச மென்பொருள் எனக்குப் பிடித்தது. கணினி இல்லாதவர்களுக்கு கூகுள் ஷீட் போதும்.

படி 5: பரிந்துரைக் கடிதம்

பேராசிரியரிடம் மூன்று வாரம் முன்பே கேளுங்கள். உங்கள் முன்மொழிவையும் கையில் கொடுங்கள், இல்லையென்றால் ‘நல்லொழுக்கமுள்ள மாணவி’ என்பதோடு கடிதம் முடிந்துவிடும்.

பின்சேர்க்கை: தமிழில் எழுதி அனுப்பிய மாதிரிப் பக்கம் காப்பகத்தில் திறக்கவில்லை என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, வேறு ஒருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொருவர், அறிவிப்பே வராத காப்பகத்துக்கு எழுதலாமா என்று கேட்டார். தாராளமாக எழுதலாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு, படி 3இல் சொன்ன பத்தியையே மின்னஞ்சலாக அனுப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.