எலக்ட்ரானிக் டிரிகர் ஏர் ரைஃபிள்: எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போடாதீர்கள்

ஒரு மாவட்டப் போட்டியில் என் மகள் 40 குண்டுகள் வரை நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். 10.3, 10.5 என்று புள்ளிகள் வந்துகொண்டிருந்த திரையில் திடீரென்று 9.7, 9.5. எல்லாமே நேர் கீழே, ஆறு மணிப் பக்கம். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே சந்தேகம்தான்: டிரிகரை இயக்கும் மின்னணுப் பலகை, அதாவது டிரிகர் போர்டு, போய்விட்டது. பெட்டியில் கட்டிப் பழுதுபார்க்க அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு குறையும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அதைப் பார்க்க வந்த பயிற்சியாளர் துப்பாக்கியைக்கூடத் தொடவில்லை. "அன்றைக்கு சிலிண்டரில் எத்தனை பார் இருந்தது?" என்று மட்டும் கேட்டார். துப்பாக்கியில் மாட்டியிருக்கும் காற்றுச் சிலிண்டரின் அழுத்தத்தைத்தான் 'பார்' கணக்கில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முந்தைய நாள் பயிற்சி முடிந்தபின் காற்று நிரப்ப மறந்திருந்தோம்.

இந்தத் துப்பாக்கியில் மின்னணு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததுதான் என் முதல் தவறு. சாதாரண டிரிகரில் விரல் ஒரு கொக்கியை விடுவிக்கிறது. எலக்ட்ரானிக் டிரிகரில் விரலின் அசைவை உணர்ந்து, போர்டு ஒரு காந்தச் சுருளுக்கு மின்சாரம் அனுப்ப, சுருள் ஹேமரை, அதாவது காற்று வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலை, விடுவிக்கிறது. அவ்வளவுதான். காற்று, வால்வு, ரெகுலேட்டர், பேரல் எல்லாம் பழைய கதையே. சிலிண்டரின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரெகுலேட்டரால் சீராகக் காற்று தர முடியாது. வேகம் குறையும், குண்டு தாழும். இங்கிலாந்தின் டேஸ்டேட் நிறுவனத்தின் சில துப்பாக்கிகள் ஒரு படி மேலே போய், ஹேமரின் அடியையே மின்சாரத்தால் இயக்குகின்றன. ஆனால் அவை வேறு ரகம். பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கியில் பேட்டரியின் வேலை டிரிகரோடு முடிந்துவிடுகிறது.

அதிக ஆபத்து காற்றில்தான் இருக்கிறது. இந்தச் சிலிண்டர்கள் 200 பார் அழுத்தம் கொள்பவை. புதிதாக வாங்கியவர்கள் பஞ்சர் கடையில் நிரப்ப முடியுமா என்று கேட்பதுண்டு. அங்கே கிடைப்பது ஏறக்குறைய பத்துப் பார், ஆகவே பாதகமில்லாத கேள்வி. பாதகமானது அடுத்த யோசனை: வெல்டிங் கடை ஆக்சிஜன். அதில் அழுத்தம் இருக்கிறது, இணைப்பும் எப்படியாவது கிடைத்துவிடும். ஆனால் உயர் அழுத்த ஆக்சிஜன் ஒரு துளி எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் போதும், பற்றி எரிந்து வெடிக்கும். ஆக்சிஜனை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதே காரணத்துக்காக, காற்றே நிரப்பினாலும் இணைப்பு மரைகளில் தையல் மிஷின் எண்ணெயைத் தடவக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் சிலிகோன் கிரீஸ் மட்டும், அதுவும் நகக்கண் அளவு.

நிரப்பும்போது அவசரமும் கூடாது. காற்று நிரப்பித் தரும் பெரிய ஸ்கூபா (முக்குளிப்பவர்களின்) சிலிண்டரின் திருகை ஒரே மூச்சில் திறந்தால் சிறிய சிலிண்டர் கையில் சுடும். அழுத்தமானி 200 காட்டும். ஆறியபின் பார்த்தால் 185. திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, ஊசி மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கைப்பம்பில் அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும். பம்பில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லையென்றால், நாளடைவில் வால்வுக்குள் துரு பிடிக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் பேரலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், மரக்கட்டையைத் தடவுகிறார்கள். சிலிண்டரில் பொறித்த தேதியை யாரும் பார்ப்பதில்லை. போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 10 ஆண்டு. சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியும் சொல்கிறது. உபகரணச் சோதனையில் மாட்டினால் அழுது பயனில்லை.

பேட்டரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போட்டிக்கு முந்தைய இரவு சார்ஜ் செய்யுங்கள், அதற்கென்று வந்த சார்ஜரில். பயிற்சி முடிந்ததும் அணையுங்கள். மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கும், காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையங்களுக்கும் அந்தச் சூடு ஆகாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் பெட்டியைத் திறந்தால் உலோகம் முழுக்க வியர்க்கும். அரைமணி நேரம் மூடியே வையுங்கள். அந்த ஈரம் பேட்டரி முனைகளில் பச்சை பூத்துவிட்டால், பிறகு போர்டைக் குறை சொல்லலாம், நியாயம் இருக்கும்.

டிரிகர் எடையில் கை வைப்பதுதான் எலக்ட்ரானிக் துப்பாக்கிக்கே உரிய ஆசை. ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் என்று விதி இருக்கிறது. ரைஃபிளுக்குக் கீழ் வரம்பே இல்லை. திருகினால் குறைகிறது என்பதற்காகக் குறைத்துக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் "இப்போது" என்று சொல்லும் முன்பே குண்டு போய்விடும். பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அதற்கு விரல் தயாராவதற்குள் சுட்டுவிடும் டிரிகர் எதற்கு? ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதன் பழைய நிலை நோட்டில். ஒரே மாலையில் எடை, பயண தூரம், விரல் தகடு மூன்றையும் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

வெற்றுச் சுடுதலுக்கான (குண்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுவதற்கான) பொத்தானை நம்பி வீட்டில் பயிற்சி செய்பவர்கள், முதலில் பேரலில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். பொத்தான் எந்தப் பக்கம் இருந்தது என்பது நினைவில் நிற்காது. சுடாத நேரத்தில் பேரல் நெடுக ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும் என்பது களத்து விதி. எங்கள் வீட்டுக் கூடத்திலும் அதே விதிதான்.

சட்டம் ஒரு வரி: இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ 0.177 அங்குலத்துக்கு மேற்பட்ட துளையோ இருந்தால் உரிமம் தேவை. போட்டி ரைஃபிளின் துளை 0.177 அங்குலத்தைத் தாண்டாது, ஆற்றலோ அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. ஆற்றலை மாற்றியமைக்கக்கூடிய எலக்ட்ரானிக் மாடல்களை ஆசைப்பட்டு விசாரிப்பவர்கள் இதை முதலில் படிக்கட்டும்.

விமானப் பயணத்துக்குச் சிலிண்டரைக் கழற்றிக் காலி செய்ய வேண்டும். அதையும் மெதுவாகச் செய்யுங்கள். சட்டென்று காற்றை விட்டால் உலோகம் பனிக்கட்டிபோல் குளிர்ந்து, சிலிண்டரின் வாய்ப்பகுதியில் நீர் கோத்துக்கொள்ளும். போகும் ஊரில் யார் நிரப்பித் தருவார்கள் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் போய், முந்தைய நாள் பயிற்சி நேரம் முழுவதும் அடாப்டர் மரை பொருந்தும் சிலிண்டரைத் தேடி வரிசை வரிசையாக அலைந்தோம். அப்போதும் பேட்டரி நூறு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது.