125 சிசி எஞ்சினுக்கு வலுக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி பழைய துணியில் சுற்றி ஒரு பிஸ்டனைக் கொண்டுவந்தார். மேல்விளிம்பில் எலி கொறித்ததுபோல ஒரு துண்டு இல்லை. பக்கவாட்டில் நீளநீளமாகக் கீறல்கள். ஹொண்டா சிஜி 125 மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 62 மில்லிமீற்றர் பிஸ்டன் வாங்கி, கூம்பு ஃபில்டரும் திறந்த சைலன்சரும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டியிருக்கிறார். ஆறு வாரம் ஓடியது. வாங்கிய சாமான்களில் குறையில்லை. ஒன்றை மாற்றினால் அதோடு எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஃபில்டரையும் சைலன்சரையும் திறந்துவிட்டு, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரைத் தொடாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காற்று கூடுகிறது, பெற்றோல் பழைய அளவிலேயே வருகிறது. கலவை மெலிந்தால் சூடு ஏறும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: கொஞ்சம் மெலிந்த கலவையில் பைக் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோலத் தெரியும். அந்தச் சந்தோஷத்திலேயே பிஸ்டன் வெந்துபோகும். காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டை முதலில் இரண்டு அளவு பெரிதாகப் போட்டு, பிறகு படிப்படியாகக் குறைத்து வாருங்கள். சோதிப்பதற்கு, ஆளில்லாத நேரான பாதையில் அக்ஸிலரேட்டரை முழுத் திருகலில் வைத்துச் சில விநாடி ஓட்டி, கிளச்சைப் பிடித்து, அதே கணம் எஞ்சினை நிறுத்துங்கள். ஓரமாக நின்று, சூடு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் நுனிப் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் மெலிவு. பால் தேத்தண்ணி நிறம் இருந்தால் சரி. கரி அப்பியிருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. அப்படியே விட்டால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நேரத்தில் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள்.

அடுத்தது, கம்ப்ரஷனை, அதாவது கலவை எத்தனை மடங்கு நெரிபடுகிறது என்பதை, கணக்குப் பார்க்காமல் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது (போர் பண்ணுவது). சிஜி 125இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 56.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 49.5 மி.மீ.; கொள்ளளவு 124 சிசி. கம்ப்ரஷன் 9க்கு 1 என்று வைத்தால் மேலே எஞ்சும் எரியறை 15.5 சிசி. அதே ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) கீழே 62 மி.மீ. பிஸ்டன் வந்தால் கொள்ளளவு 149 சிசி ஆகிறது, எரியறை மாறவில்லை. கம்ப்ரஷன் தானாகவே 10.6க்குத் தாவிவிடுகிறது. அதில் 92 ஒக்டேன் பெற்றோலை ஊற்றிக்கொண்டு, கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் காற்றோட்டம் இல்லாமல் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க நின்று நின்று போனால் நொக்கிங் வரும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும். தகர டின்னுக்குள் சரளைக்கல் குலுங்குவதுபோல ஒரு சத்தம். அதைக் கேட்டும் திருகலைக் குறைக்காதவர்களின் பிஸ்டன்தான் இப்படிக் கொறிபடுகிறது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். ஹெட்டில் பிளக்கைப் பூட்டி, கவிழ்த்து மட்டமாக வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டால் எத்தனை சிசி கொள்கிறது என்று தெரியும். பிஸ்டனின் தலை குவிந்தோ குழிந்தோ இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

லேத்காரரிடம் "62க்குப் போர் பண்ணுங்கள்" என்று வெறும் எண்ணைச் சொல்லிவிட்டு வராதீர்கள். பிஸ்டனையே கையில் கொடுங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) மெலிந்துபோகும் என்றால் நல்ல லேத்காரரே வேண்டாம் என்பார், அவர் பேச்சைக் கேளுங்கள்.

ரேஸிங் கேம் (வால்வுகளைத் திறக்கும் பாகம்), கட் ஓஃப் இல்லாத சிடிஐ (சுற்றுக்கு வரம்பு வைக்காத தீப்பொறிப் பெட்டி) இரண்டையும் நகரத்தில் ஓடும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவை தரும் வலு மிக உயர்ந்த சுற்றில் மட்டுமே வரும். வெள்ளவத்தைச் சிக்னலிலிருந்து கிளம்பும்போது வண்டி முன்பைவிடச் சோம்பலாக இருக்கும். பழைய வால்வு ஸ்பிரிங் அந்தச் சுற்றைத் தாங்காமல், வால்வு பிஸ்டனில் முட்டவும் கூடும்.

ஒயில் விஷயத்தில், விலை உயர்ந்தது என்று கார் ஒயிலை ஊற்றாதீர்கள். இந்த எஞ்சின்களில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள ஒயில் கிளச்சை வழுக்கவிடும். டப்பாவில் ஜேசோ எம்ஏ (JASO MA, ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தம்பியின் எஞ்சினுக்குப் புது 62 பிஸ்டனே போட்டோம். இந்தமுறை சிலிண்டருக்கு அடியில் 0.7 மி.மீ. தகடு வைத்ததில் எரியறை 2 சிசி கூடி, கம்ப்ரஷன் 9.5க்கு இறங்கியது. தகட்டால் சிலிண்டர் உயர்ந்ததால் வால்வு இடைவெளியைத் திரும்ப வைத்தோம். பழைய சைலன்சரும் ஏர் பொக்ஸும் திரும்பி வந்தன. மூன்றாவது ஜெட்டில் பிளக் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. முன் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும்வரை முழுத் திருகல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.